அழையாது வந்தோர்: எடின்பரோ நகரின் கலைவிழாவும் அதன் அவையோரும்

கலைவிழாக்களின் வரலாற்றை எழுதுவோர் விழா எடுத்த பெருமக்களையும், அரங்கேறிய கலைஞரையும், செலவான பொருளையும் விரித்துரைப்பர். விழாவைக் காண வந்தோரைப் பற்றியோ "மக்கள் திரளாகக் கூடினர்" என்னும் ஒரு வாக்கியத்தோடு அமைந்துவிடுவர். அங்ஙனம் ஒரு வாக்கியத்துள் அடக்கப்பட்ட மக்களே விழாவின் போக்கை மாற்றியமைத்த வரலாறும் உண்டு. ஸ்கொட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவிலே 1947ஆம் ஆண்டு தொடங்கிய கலைவிழா அதற்குத் தக்க சான்றாகும். ஒரே நகரில், ஒரே காலத்தில், அரசும் நகரசபையும் தாங்கிய பெருவிழா ஒன்றும், எவரும் தாங்காத சிறுவிழா ஒன்றும் அருகருகே பிறந்தன. பின்னது நாளடைவில் முன்னதிலும் பெரிதாயிற்று. அஃது எவ்வாறு நிகழ்ந்தது, அதிலே காண்போர்க்கு இருந்த பங்கு யாது என்பன ஈண்டு ஆராயப்படும்.

இரண்டாம் உலகப்போர் 1945ஆம் ஆண்டு முடிவுற்றபோது ஐரோப்பாவின் பழைய இசை நகரங்கள் பல சிதைந்தும் வறுமையுற்றும் கிடந்தன. போருக்கு முன் ஆண்டுதோறும் பலநாட்டாரை ஈர்த்துவந்த ஒஸ்திரியாவின் சால்ஸ்பேர்க் விழா முன்போலப் பொலிவுற நடைபெறும் நிலையில் இருக்கவில்லை. அத்தகைய விழாவொன்றைப் பிரித்தானியாவில் நிறுவலாம் என எண்ணியவர் றூடோல்வ் பிங் என்பவர். வியன்னாவிற் பிறந்த இவர், நாற்சிகள் ஆட்சியைக் கைப்பற்றியபின் ஜேர்மனியை விட்டு வெளியேறி, இங்கிலாந்தின் கிளைன்ட்போர்ன் இசைநாடக அரங்கிற்கு முகாமையாளராக விளங்கினார். பிரிட்டிஷ் கவுன்சிலைச் சேர்ந்த ஹென்றி ஹாவி வூட் என்பவர் அவருக்கு எடின்பரோ நகரைச் சுட்டிக்காட்டினார். நகரின் நடுவே பாறைக் குன்றின்மேற் கோட்டை எழுந்து நிற்க, பழைய நகரும் புதிய நகரும் அதனை அடுத்து விரிந்து கிடக்கும் எடின்பரோ, குண்டுவீச்சினாற் பெருஞ்சேதம் உறாது தப்பியிருந்தது. அரங்குகளும் விடுதிகளும் அங்கு உண்டு. நகர முதல்வர் சேர் யோன் பால்கனர் இவ்வெண்ணத்தைத் தம்முடையதாகவே ஏற்று நகரசபையை இசைவித்தார். றோஸ்பெரிப் பிரபு, ஓஷன் ஸ்வெல் என்னும் தம் குதிரை பந்தயத்தில் ஈட்டிய பணத்திலிருந்து 10,000 பவுண் நன்கொடை அளித்தார். குதிரைப் பந்தயத்தைக் கடிவோரும் இக்கொடையைக் கடியார் என்றே எண்ணுகின்றோம்.

முதல் விழா 1947ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில் தொடங்கி மூன்று கிழமைகள் நடந்தது. புறூனோ வால்ற்றர் என்னும் இசை நடத்துநரும் வியன்னா வாத்தியக் குழுவினரும் மீண்டும் ஒன்றுகூடியமை அதன் உயிர்நிலையாக அமைந்தது. யூதராகிய வால்ற்றர், 1938இல் ஹிற்லர் ஒஸ்திரியாவைத் தன் ஆட்சியோடு இணைத்தபின் அந்நாட்டை இழந்தவர். பிரிந்த குழுவினரை ஒன்பது ஆண்டுகளின் பின் அந்நிய நகரொன்றில் அவர் சந்தித்தார். அவர் நடத்த, கத்லீன் பெரியர் என்னும் ஆங்கிலப் பாடகி மாலரின் 'பூமியின் பாடல்' என்னும் இசையாக்கத்தைப் பாடினார். இலண்டனின் ஓல்ட் விக் நாடகக் குழுவும், பாரிசிலிருந்து லூயி ஜூவேயின் குழுவும், சட்லர்ஸ் வெல்ஸ் நடனக் குழுவும் வந்திருந்தன. கிளைன்ட்போர்ன் குழுவினர் வேர்டியின் மக்பெத் இசைநாடகத்தை நிகழ்த்தினர். போரினாற் பிளவுண்ட நாடுகளைக் கலை மீண்டும் பிணைக்கும் என்னும் நம்பிக்கை அவ்விழாவில் வெளிப்படையாகவே இருந்தது.

அவ்வாண்டு பிரித்தானியாவில் நிலக்கரித் தட்டுப்பாடு கடுமையாயிருந்தது; உணவும் பங்கீட்டு முறையிலேயே வழங்கப்பட்டது. விழாக்காலத்தில் கோட்டைக்கு இரவில் ஒளியூட்டுதற்கு அரசினர் முதலில் இசையவில்லை. நகரத்தார் பலர் தம் வீட்டுக்குரிய நிலக்கரிப் பங்கை அதற்கென விட்டுத்தர முன்வந்தனர் என்பர். விடுதிகள் போதாமையால் வீடுகளிலும் விருந்தினர்க்கு இடமளித்தனர். தம் அடுப்புக்குரிய கரியைக் கொடுக்கத் துணிந்த அந்நகரத்தார் விழா நிரலை எடுத்து நோக்கியபோது, அதிலே தம் நாட்டு நாடகம் ஒன்றேனும் காணப்படவில்லை. இலண்டன் வந்தது, பாரிஸ் வந்தது, வியன்னா வந்தது. ஸ்கொட்லாந்தின் நாடகக் குழுக்களுக்கு அழைப்பு வரவில்லை.

அழையா வீட்டில் நுழைதல் நம்மவரிடையே இழிவாகக் கருதப்படுவது. எனினும், நுழையப்படுவது பிறர் வீடோ தம் வீடோ என்னும் வினா இங்கு எழுகின்றது. 1947ஆம் ஆண்டில் எட்டு நாடகக் குழுக்கள் தாமாகவே மண்டபங்களை வாடகைக்கு எடுத்து, விழா நடந்த அதே நாட்களில் ஆடத் தொடங்கின. அவற்றுள் ஆறு ஸ்கொட்லாந்தைச் சேர்ந்தவை. இரண்டு இங்கிலாந்திலிருந்து வந்தவை. கிளாஸ்கோ யூனிற்றி என்னும் குழுவினர் மக்சீம் கோர்க்கியின் நாடகம் ஒன்றையும், றொபேட் மக்லெலன் ஸ்கொட்டிய மொழியில் எழுதிய நாடகம் ஒன்றையும் ஆடினர். இங்கிலாந்திலிருந்து வந்த பில்கிறிம் குழுவினர் கேற்வே அரங்கில் ரி. எஸ். எலியற்றின் இரு நாடகங்களை நிகழ்த்தினர். லாங்கெஸ்ரர் குழுவினர் பொம்மலாட்டம் காட்டினர். கிறிஸ்ரின் ஓர் என்னும் அம்மையாரின் குழு வாலிபர் கிறிஸ்தவ சங்க மண்டபத்தில் ஷேக்ஸ்பியரின் மக்பெத்தை ஆடியது. ஆகவே அந்நாட்களில் எடின்பரோவிலே இரு மக்பெத்துகள் இருந்தனர். ஒருவன் பெரிய அரங்கிலே இத்தாலிய இசையோடு மடிந்தான். மற்றவன் சங்க மண்டபத்திலே உள்ளூர்க் குரலில் மடிந்தான். ஸ்கொட்லாந்தின் அரசன் ஒருவனைப் பற்றிய கதை அந்நாட்டின் தலைநகரில் உள்ளூரார் வாயிலாக ஆடப்படுதற்கு அழையா மண்டபமே இடந்தந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

எட்டாவது குழு எடின்பரோவிலேயே ஆடவில்லை. போர்த் கழிமுகத்தின் வடகரையிலுள்ள டன்வேம்லின் என்னும் பழைய ஊரின் மடாலயத்திலே 'எவ்ரிமன்' என்னும் இடைக்கால அறநெறி நாடகத்தை அது நிகழ்த்தியது. கழிமுகத்தைக் கடக்க அக்காலத்தில் வீதிப் பாலம் இல்லை. அது 1964இலேயே திறக்கப்பட்டது. 1890இல் திறந்த புகையிரதப் பாலத்தாலோ படகினாலோ கடந்தே நாடகம் காணச் செல்லல் வேண்டும். அழைப்புமில்லை, விழா நிரலிற் பெயருமில்லை, இடமோ கடலுக்கு அப்பால். அங்ஙனமாகியும் விளிம்பு விழாவின் வரலாற்றிலே அதுவும் முதல் எட்டினுள் ஒன்றாக எண்ணப்படுகின்றது.

இவ்வெட்டுக் குழுவினரின் துணிவை வரலாற்றாசிரியர் பலரும் போற்றியுள்ளனர். போற்றுதற்குரியதே. ஆயினும் ஆளில்லா மண்டபத்திலே ஆடிய நாடகத்தை எவரும் வரலாற்றில் எழுதார். அவற்றைக் காணச் சென்றோர் எத்தகையோர் என நோக்குதல் வேண்டும். விழாவுக்கென வந்த வெளியூரார் சிலர் மாலை இசையரங்கிற்கு முன்னும் பின்னும் உள்ள பொழுதை நிரப்பச் சென்றனர். வந்திருந்த பத்திரிகையாளரும் இடையிடையே எட்டிப் பார்த்தனர். இக்கூட்டத்தை நம்பியே அக்குழுக்கள் அந்நாட்களைத் தேர்ந்தன. பெருவிழாவின் அரங்கிற்குச் செல்பவர், ஆன்றோர் குழுவொன்று முன்னரே தெரிந்து வைத்த கலையைக் காண்கின்றார். அது நன்றாயிருத்தல் வேண்டும் என்னும் உறுதி நுழைவுச்சீட்டிலேயே அடங்கியுள்ளது. சங்க மண்டபத்திற்குச் செல்பவர்க்கு அவ்வுறுதி இல்லை. அவர் கண்டு, கேட்டு, தாமே தீர்ப்புக் கூறல் வேண்டும். தெரிவு செய்வோரை நீக்கியவுடன் தெரிவு செய்யும் கடமை மறைந்துவிடுவதில்லை. அது வாயிலிலிருந்து இருக்கைக்கு இடம் மாறுகின்றது.

அடுத்த ஆண்டு இவ்வழையாக் குழுக்களுக்குப் பெயர் வாய்த்தது. நாடக ஆசிரியரும் பத்திரிகை எழுத்தாளருமாகிய றொபேட் கெம்ப், 1948ஆம் ஆண்டு 'ஈவினிங் நியூஸ்' பத்திரிகையில் எழுதியபோது, விழாவின் விளிம்பைச் சுற்றித் தனிப்பட்டோர் முயற்சிகள் பெருகிவருகின்றன என்னும் கருத்துப்பட எழுதினார். 'விளிம்பு' என்று அவர் போகிற போக்கில் எழுதிய சொல்லே நிலைத்தது. அச்சொல் ஆங்கிலத்தில் ஆடையின் தொங்கற் கரையைக் குறிப்பது. எமது பெண்டிர் சேலை தெரியும்போது கரையையே முதலில் நோக்குவர் என்பதைக் கெம்ப் அறிந்திரார்.

இதே கெம்ப்தான் அவ்வாண்டு பெருவிழாவுக்கும் பெருந்தொண்டு ஒன்று செய்தார். 16ஆம் நூற்றாண்டிலே சேர் டேவிட் லின்சே ஸ்கொட்டிய மொழியில் இயற்றிய 'மூன்று வகுப்பார்' என்னும் அங்கத நாடகத்தை அவர் சுருக்கித் திருத்திக் கொடுக்க, ரைறோன் கத்றி அதனை நெறிப்படுத்தினார். வழமையான அரங்கெதுவும் கத்றிக்குப் பொருந்தவில்லை. ஸ்கொட்லாந்துத் திருச்சபையின் பொதுப்பேரவை கூடும் மண்டபத்திலே, மூன்று புறமும் மக்கள் சூழ்ந்திருக்க, நடுவே நீண்ட மேடை அமைத்து ஆடுவித்தார். அரசனையும் மதகுருமாரையும் வணிகரையும் ஒருங்கே நகையாடும் அந்நாடகம் 1554இல் எடின்பரோவின் கால்ரன் குன்றிலே வெட்டவெளியில் ஆடப்பட்டது. ஏறக்குறைய நானூறு ஆண்டுகளின் பின் அதன் மொழி அந்நகரத்தார் செவியில் மீண்டும் விழுந்தது. முதல் ஆண்டில் நகரத்தார் எழுப்பிய முறைப்பாட்டிற்குப் பெருவிழா தந்த விடையாக இதனைக் கொள்ளலாம். சினிமாவும் ஒதுங்கி நிற்கவில்லை. எடின்பரோ திரைப்படக் கழகத்தார் 1947ஆம் ஆண்டிலேயே, ஆவணப் படங்களுக்கெனத் தனியாக ஒரு விழாவைத் தொடங்கினர். பெருங்கூட்டத்தை நாடாத படங்களைக் காண்பதற்கென்றே கூடும் சபை ஒன்று அதனால் உருவாயிற்று.

இவ்வரலாற்றில் எம் உள்ளத்தை மிகக் கவர்வது 1951ஆம் ஆண்டிலே தொடங்கிய 'எடின்பரோ மக்கள் விழா'. தொழிற்சங்கத்தாரும் கூட்டுறவு இயக்கத்தாரும் இடதுசாரிகளும் இணைந்து இதனை எடுத்தனர். பெருவிழா நகரின் தொழிலாளர்க்கு எட்டாத உயரத்தில் நடக்கின்றது, கட்டணத்தாலும் தோரணையாலும் அவர்களை வெளியே நிறுத்துகின்றது என்பது அவர்களின் குற்றச்சாட்டு. குறைகூறிய அளவில் நில்லாது, குறைந்த கட்டணத்தில் நாடகமும் இசையும் சொற்பொழிவும் அமைத்தனர். அவற்றுள் ஓர் இரவு நிகழ்ச்சி தனிச்சிறப்புடையது. கவிஞரும் நாட்டுப்பாடல் தொகுப்பாளருமாகிய ஹமிஷ் ஹென்டர்சன் ஓட்ஃபெலோஸ் மண்டபத்திலே 'கேலி' என்னும் கூடியிருந்து பாடும் நிகழ்ச்சியை அமைத்தார். ('கேலி' என்பது கேலிக் மொழிச் சொல், வீடுகளில் அயலார் கூடிப் பாடியும் கதைகூறியும் இரவைக் கழிக்கும் வழக்கம். தமிழ்ச் சொல்லோடு ஒலியொப்புமை மாத்திரமே உண்டு.)

அன்று மேடையேறியோரை நோக்குமின்: பண்ணைதோறும் வேலைசெய்தும் தெருவிலே பாடியும் வாழ்ந்த ஜிம்மி மக்பெத், மீன் விற்கும் ஜெசி மறே, விவசாயி யோன் ஸ்ற்றாகன், மேற்கிலுள்ள பரா தீவிலிருந்து வந்து கேலிக் மொழியிற் பாடிய புளோறா மக்னீல். இவர்கள் பாடியவை அவரவர் ஊரிலே வழிவழியாகப் பாடப்பட்டவை. பட்டணத்து மண்டபத்தில் நுழைவுச்சீட்டு வாங்கிக் கேட்கத்தக்க பொருளாக அவற்றை அதற்குமுன் பெரும்பாலோர் கருதவில்லை. அமெரிக்கராகிய அலன் லோமக்ஸ் அந்நிகழ்ச்சியை ஒலிப்பதிவு செய்தார். ஸ்கொட்லாந்தின் நாட்டுப்பாடல் மறுமலர்ச்சிக்கு அவ்விரவு ஒரு வித்து என அத்துறையினர் மதிக்கின்றனர். அதே 1951ஆம் ஆண்டில் எடின்பரோப் பல்கலைக்கழகத்திலே ஸ்கொட்டிய ஆய்வுக் கல்விப்பகுதி நிறுவப்பட்டதும் ஈண்டு நினைக்கத்தக்கது. ஹென்டர்சன் அதிற் பல ஆண்டுகள் பணியாற்றினார்.

மக்கள் விழா நெடுநாள் வாழவில்லை. அது பொதுவுடைமைக் கட்சியின் முகமூடி என்னும் ஐயத்தினால், 1952ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்துத் தொழிற்சங்கப் பேரவை தன் ஆதரவை விலக்கித் தடை செய்தது. 1954ஆம் ஆண்டோடு விழா ஓய்ந்தது. அரசியற் காற்று எத்திசையில் வீசினும் முதலில் அணைவது பாட்டுக்காரர் விளக்கே போலும். அதன் அமைப்பாளரிடையே பொதுவுடைமையர் இருந்தது உண்மை. ஆயினும் ஜெசி மறேயின் பாடலைக் கேட்க வந்தோரை அக்காரணம் பற்றி விலக்கியது நீதியாகாது என்பது எம் துணிபு.

மக்கள் விழா மறைந்த அக்காலத்திலேயே விளிம்பு விழா ஓர் ஒழுங்கைத் தேடிக்கொண்டிருந்தது. காண்போர்க்குள்ள முதல் இடர், எங்கே எது நடக்கின்றது என்பது தெரியாமை. நகரெங்கும் சிதறிக் கிடந்த கோயில் மண்டபங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் நாடகங்கள் நடந்தன. இவ்விடரைத் தீர்க்க முதலில் முயன்றோர் மாணவரே. 1951ஆம் ஆண்டு எடின்பரோப் பல்கலைக்கழக மாணவர், வெளியிலிருந்து வந்த குழுவினர்க்கு மலிவான உணவும் படுக்கையும் கிடைக்கும் நிலையம் ஒன்றை அமைத்தனர். 1954இல் கவுஸ்லன்ட் என்னும் அச்சகத்தார் நிகழ்ச்சிகள் அனைத்தையும் திரட்டி முதல் வழிகாட்டியை அச்சிட்டனர். அழைத்தவன் ஒருவனும் இல்லாத விழாவுக்கு அச்சகத்தார் ஒருவர் நிரல் வகுத்தது வியப்பன்று. சுவரொட்டி அச்சிடக் கொடுத்த குழுக்கள் யாவை என்பதை அவரன்றி வேறு யார் அறிவார்?

1958ஆம் ஆண்டில் குழுவினர் கூடி விளிம்பு விழாச் சங்கத்தை அமைத்தனர். நுழைவுச்சீட்டுகளை ஓரிடத்தில் விற்றல், பொது நிரலை வெளியிடுதல், வருவோர்க்குத் தகவல் கூறல் என்பனவே அதன் பணிகள். எந்த நிகழ்ச்சியையும் தெரிந்தெடுத்தலோ விலக்குதலோ சங்கத்தின் வேலையன்று என்பதை அதன் அமைப்பு விதியாக்கினர். பதிவுக் கட்டணம் செலுத்தி, மண்டபம் ஒன்றைத் தாமே தேடிக்கொள்ளும் எவரும் ஆடலாம். நூற்றுக்கணக்கான சங்கங்களின் யாப்புகளை வரலாற்றில் காண்கின்றோம். அவற்றுட் பெரும்பாலானவை சங்கத்துக்குள்ள அதிகாரங்களை வரிசையாகக் கூறுவன. தனக்கு இன்ன அதிகாரம் இல்லை என்பதையே தன் உயிர்க்கொள்கையாக வைத்த சங்கம் அரிது.

தேர்வு நடத்தியே காலங்கழிக்கும் எம்போன்ற ஆசிரியர்க்கு இவ்வேற்பாடு முதலில் அச்சத்தையே தரும். எவரும் ஆடலாமெனின் பதரும் நிறையுமன்றோ? நிறைந்தது, மறுப்பதற்கில்லை. பயிற்சியில்லா நடிப்பும், எழுதி முடியாத நாடகமும், நள்ளிரவு கடந்து நடக்கும் வெற்றுக் கேலிக்கூத்தும் அங்கு ஏராளம். இதைக் கொண்டு விளிம்பு விழாவைத் தாழ்த்தியோர் அந்நாளிலும் உளர், இந்நாளிலும் உளர். ஆயின் அத்தகையோர் கருதாத ஒன்றுண்டு. மூன்று கிழமை அந்நகரில் நடந்து திரிந்து, நாளொன்றுக்கு மூன்று நான்கு நிகழ்ச்சி காணும் ஒருவர் விரைவிலே பதரையும் மணியையும் பிரிக்கப் பழகுகின்றார். தேநீர்ச் சாலையிலும் வாயில் வரிசையிலும் அயலில் நிற்போர்க்கு, "இதைக் காண்க, அதை விடுக" என்று கூறுகின்றார். அடுத்தநாட் காலையில் 'ஸ்கொற்ஸ்மன்' பத்திரிகை தன் தீர்ப்பை அச்சிடுகின்றது. அதனோடு உடன்பட்டோரும் மாறுபட்டோரும் மாலையில் வாதிடுகின்றனர். 1973ஆம் ஆண்டு முதல் அப்பத்திரிகை புதிய நாடகங்களுக்குப் பரிசும் வழங்கலாயிற்று. ஒரு நகரமே அமர்ந்து விமரிசனம் பயிலும் வகுப்பறை இதுவெனலாம்.

விளிம்பின் நள்ளிரவு நகைச்சுவைகள் மக்களை இழுப்பதைக் கண்ட பெருவிழாவினர், 1960ஆம் ஆண்டில் தாமே அத்தகைய ஒன்றை அரங்கேற்றினர். அலன் பெனற், பீற்றர் குக், யொனதன் மில்லர், டட்லி மூர் என்னும் நால்வர் நிகழ்த்திய அதற்கு 'விளிம்புக்கு அப்பால்' எனப் பெயரிட்டனர். பெயரிலே விளிம்பு உண்டாயினும் அது விளிம்பு விழாவுக்கு உரியதன்று; பெருவிழாவுக்கே உரியது. இதனை மாற்றி எழுதுவோர் பலர் உளராதலின் இங்குக் குறித்தோம்.

1963ஆம் ஆண்டில் இரு திசையிலும் குறிப்பிடத்தக்கன நிகழ்ந்தன. அவ்வாண்டின் தொடக்கத்தில் பழைய நகரின் ஜேம்ஸ் கோர்ட் முற்றத்திலே, ஏறக்குறைய அறுபது பேர் அமரத்தக்க ட்றவேர்ஸ் அரங்கு திறக்கப்பட்டது. இருபுறமும் மக்கள் எதிரெதிரே அமர, நடுவே நடிகர் ஆடினர். நடிகனை நோக்கும் ஒருவன் அவனுக்கு அப்பால் தன்போல் நோக்கியிருக்கும் மற்றொருவனின் முகத்தையும் காண்கின்றான். விழா மூன்று கிழமையில் முடிந்துவிட, புதிய நாடகத்தைக் காணப் பழகிய கண்கள் ஆண்டின் எஞ்சிய நாட்களில் எங்கே செல்லும் என்னும் வினாவுக்கு இச்சிற்றரங்கு விடையாயிற்று. பெருவிழாவிலோ, அப்பொழுது அதன் நெறியாளராயிருந்த ஹேர்வூட் பிரபு இந்திய இசைக்கும் நடனத்துக்கும் சிறப்பிடம் அளித்தார். தமிழகத்திலிருந்து ரி. பாலசரசுவதியின் பரதநாட்டியமும், எம். எஸ். சுப்புலட்சுமியின் இசையும் எடின்பரோ மக்களுக்கு அறிமுகமாயின. பதமும் அபிநயமும் இன்னவென அறியாத சபை அது. அறியாக் கலையின் முன் அமர்ந்திருக்கும் பொறுமையைப் பதினாறு ஆண்டுகளாகப் பயின்ற நகரமாதலின் நம் கலைஞர்க்கும் செவிசாய்த்தது என்று கருதுதல் மிகையாகாது. ஆனாற் பெருவிழாவின் தெரிவு முறையையும் இவ்விடத்தில் மெச்சுதல் வேண்டும். பாலசரசுவதியை அத்துணைத் தொலைவிலிருந்து அழைத்துவரச் சங்க மண்டபத்துச் சிறுகுழுவால் இயலாது. அழைப்போரும் வேண்டும், அழையாது வருவோரும் வேண்டும். ஒன்றை வைத்து மற்றதை அழித்தல் தகாது.

1966ஆம் ஆண்டில் நிகழ்ந்ததொன்று காண்போரின் ஆற்றலை நன்கு விளக்கும். ஒக்ஸ்பட் மாணவர் குழுவொன்று கிறன்ஸ்ரன் வீதி மண்டபத்திலே புதிய நாடகம் ஒன்றை ஆடியது. ஷேக்ஸ்பியரின் ஹம்லெற் நாடகத்தில் வந்து மறையும் இரு சிறு பாத்திரங்களான றோசன்கிறான்ஸ், கில்டன்ஸ்ரேண் என்போரைத் தலைமக்களாக்கி எழுதப்பட்டது அது. எழுதிய ரொம் ஸ்ரொப்பாட்டை அன்று பலர் அறியார். முதலில் வந்த விமரிசனங்கள் ஊக்கம் தருவனவாக இருக்கவில்லை. பின்னர் 'ஒப்சேவர்' பத்திரிகையின் றொனல்ட் பிறைடன் அம்மண்டபத்துக்குச் சென்று, கண்டு, மனமுவந்து பாராட்டி எழுதினார். அதனைப் படித்த கெனத் ரைனன் தேசிய நாடக அரங்கின் பொருட்டு நாடகப் பிரதியை வேண்டினார். 1967ஆம் ஆண்டு ஏப்பிரலில் அந்நாடகம் இலண்டனிலே தேசிய நாடகக் குழுவினரால் ஆடப்பட்டது. மாணவர் ஆடிய சிறு மண்டபத்திற்கும் நாட்டின் தலையாய அரங்கிற்கும் இடையிலிருந்த தூரத்தை, சரியான இருக்கையில் ஓரிரவு அமர்ந்த ஒருவர் ஓர் ஆண்டுக்குள்ளாகச் சுருக்கிவிட்டார்.

அதன்பின் வளர்ச்சி வேகமாயிற்று. 2019ஆம் ஆண்டில் விளிம்பு விழாவில் 3,800க்கு மேற்பட்ட நிகழ்ச்சிகள் பதிவாயின; விற்பனையான நுழைவுச்சீட்டுகள் 30 இலட்சத்தைக் கடந்தன. 1947இன் எட்டை இதனோடு ஒப்பிடின் தலை சுழலும். இவ்வளர்ச்சி முழுவதையும் நன்மையெனக் கொள்ளுதற்கு எம் மனம் ஒருப்படவில்லை. 1980கள் தொடங்கிப் பெரிய மண்டபங்களை ஒருங்கே எடுத்து நடத்தும் நிறுவனங்கள் எழுந்தன. நகைச்சுவைப் பேச்சாளர் நாடகத்தாரை நெருக்கினர். ஓகஸ்ட் மாதத்தில் எடின்பரோவின் தங்குமிட வாடகை ஏறிக்கொண்டே சென்றது. ஆடுவோரும் பெரும்பாலும் நட்டமே அடைகின்றனர். சேமிப்போ செல்வப் பெற்றோரோ இல்லாதவர்க்கு அங்குச் செல்லுதல் அரிதாயிற்று. வாயிலிலே தேர்வாளர் இல்லை என்று சங்கத்தின் யாப்பு இன்றும் கூறுகின்றது. ஆயின் வீட்டுரிமையாளரின் வாடகைச் சீட்டு அத்தேர்வாளரின் நாற்காலியில் ஓசையின்றி அமர்ந்துகொண்டது. 1951இலே மக்கள் விழாவினர் பெருவிழாமீது சாற்றிய குற்றம் இன்று விளிம்பின்மீதே சாற்றப்படுகின்றது. 2020ஆம் ஆண்டு கொள்ளைநோயினால் ஓகஸ்ட் விழாக்கள் யாவும் முதன்முறையாக நின்றுபோனபோது, வீதிகள் ஓய்வடைந்தன என்று மகிழ்ந்த நகரத்தாரும் இருந்தனர். கரியைக் கொடுத்த தலைமுறையின் பேரப்பிள்ளைகளே இவர்கள்.

இந்நெருக்கடியினுள்ளும் பழைய வழக்கம் வேறோர் உருவில் தலைகாட்டியுள்ளது. 1996ஆம் ஆண்டில் பீற்றர் பக்லி ஹில் என்னும் நகைச்சுவைக் கலைஞர் கட்டணமில்லா நிகழ்ச்சிகளைத் தொடங்கினார். மதுச்சாலைகளின் மேன்மாடியிலும் நிலவறையிலும் வாடகையின்றிக் கிடைக்கும் அறைகளில் அவை நடைபெறுகின்றன. நுழைவுச்சீட்டு இல்லை; விரும்பியவர் உள்ளே சென்று அமரலாம், விரும்பாதவர் எழுந்து போகலாம். நிகழ்ச்சி முடிந்ததும் கலைஞர் விரைந்து சென்று வாயிலில் ஒரு வாளியை ஏந்தி நிற்பார். வெளியேறுவோர் கண்டதன் பெறுமதியைத் தாமே மதித்து, நாணயமோ தாளோ அதில் இட்டுச் செல்கின்றனர். சிலர் ஒன்றும் இடாது, அவர் முகத்தைப் பாராமலே படியிறங்கிப் போகின்றனர்.